பெரிய பொய்மீனுக்கு ஒரு கம்பு

என் மனைவி நகரப் பேருந்து ஓட்டுகிறாள். யாரைப் பார்த்தாலும் பேச்சு தொடங்கிய சூட்டிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன் என்று அவளுக்கு என்மேல் ஒரு வருத்தம் உண்டு. சொன்னால் என்ன குறைந்துவிடப் போகிறது? மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன் தெருவுக்கு ஒருவன் இருப்பான். அந்த நீளமான வண்டியைச் சந்தைத் தெரு முனையில் ஒரு கீறல் விழாமல் திருப்புகிறவள் என் வீட்டில்தான் இருக்கிறாள்.

ஆள் குட்டை. ஓட்டுநர் இருக்கையில் ஒரு மெத்தையை மடித்துப் போட்டுத்தான் உட்காருவாள். "தூரத்துல இருந்து பார்த்தா வண்டி தானா வர்ற மாதிரியே இருக்குக்கா" என்று அவள் தம்பி கேலி பேசுவான். என் மச்சினன் உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவன். அவன் வாசலில் வந்து நின்றால் அறையில் வெளிச்சம் குறையும். அப்படி ஒரு உடம்பு. அக்காவிடம் மட்டும் பூனைக்குட்டி.

தூண்டில் பைத்தியத்தை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தவன் அவன்தான். ஆறு கடலில் சேரும் இடத்தில், இருபுறமும் கருங்கல் கொட்டி அலைத்தடுப்புச் சுவர் கட்டியிருக்கிறார்கள். விடுமுறை நாள் காலையில் அதன்மேல் வரிசையாக ஆட்கள் நின்று தூண்டில் வீசுவார்கள். ஒரு நாள் அக்காவையும் கூட்டிப் போனான். நான் குடையும் தேநீர்க் குடுவையுமாகப் பின்னால் போனேன்.

அங்கே யாரும் புழு கோப்பதில்லை. எல்லோரும் பொய்மீன் வீசுகிறவர்கள். கடையில் அதற்கு லூர் என்று பெயர். மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ மீன்போலச் செய்து, வயிற்றிலும் வாலிலும் மூன்று முள் கொண்ட கொக்கியைத் தொங்கவிட்டிருப்பார்கள். வீசிவிட்டுச் சுற்றி இழுத்தால் உயிருள்ள மீன்போல ஆடிக்கொண்டு வரும். பெரிய மீன் ஏமாந்து கவ்வும். ஆனால் அந்தச் சுவரில் இருந்தவர்கள் எல்லோருடைய பொய்மீனும் விரல் நீளம்தான். கிடைத்ததும் அதற்கேற்ற மீன்தான்.

அன்று எங்கள் கண்ணெதிரே ஒரு பெரிய கொடுவா மீன் மேலே வந்தது. ஒரு சாணுக்கும் மேல் நீளமான மடவை மீனை ஒரே வாயில் விழுங்கிவிட்டுப் போனது. காற்றில் கதவு அறைந்து சாத்துகிற மாதிரி சத்தம். சுவரில் இருந்த அத்தனை பேரும் ஓடிப்போய் அந்த இடத்தில் தங்கள் விரல் நீளச் சாமான்களை வீசினார்கள். என் மனைவி மட்டும் இடத்தை விட்டு நகரவில்லை.

"அவ்வளவு பெரிய ஆளு பசியோட சாப்பிட வந்திருக்கான். இவங்க மிட்டாயை நீட்டிக்கிட்டு நிக்கிறாங்க" என்றாள்.

அடுத்த வாரமே வேலையை ஆரம்பித்துவிட்டாள். உடைந்த கட்டிலின் கால் ஒன்று பால்கனியில் கிடந்தது. அதை அறுத்து, செதுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒரு சாணைத் தாண்டிய மீன் ஒன்றைச் செய்தாள். வயிற்றில் துளை போட்டு ஈயம் உருக்கி ஊற்றினாள். குளியலறைத் தொட்டியில் விட்டுப் பார்த்தால் மல்லாந்தது. துளையை இடம் மாற்றி இன்னொன்று செய்தாள்; அது சாய்ந்து மிதந்தது. எத்தனை செய்தாள் என்று எனக்கு நினைவில்லை. குளிக்கப் போகும்போதெல்லாம் தொட்டியில் ஏதோ ஒரு மீன் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும், அது நினைவிருக்கிறது. கடைசியில் ஒன்று நிமிர்ந்து நின்று வாலாட்டியது. அதற்குக் கண் வைத்தவன் நான். லென்ஸ் அறுத்த துண்டுகளை உருட்டித் தேய்த்து, பின்பக்கம் கறுப்புப் பூசி ஒட்டினேன். எங்கள் கடையில் அதைவிட நல்ல கண் வெளியே போனதில்லை.

மச்சினன் அதைக் கையில் வாங்கிப் பார்த்தான். "என்னக்கா இது, செங்கல்லுக்கு வால் முளைச்ச மாதிரி இருக்கு" என்றான். ஆனாலும் தன் தூண்டில் கம்பைக் கொடுத்தான்.

அந்த வாரமே அது நடந்தது. சுவரின் நுனியில் நின்று அவள் பின்னால் இழுத்து ஓங்கினாள். விரல் நீளப் பொய்மீனுக்காகச் செய்த கம்பு அது. வீசின வேகத்தில் 'படக்' என்று பாதியில் முறிந்தது. நூலும் அறுந்தது. பொய்மீன் மட்டும் காலுக்குப் பக்கத்துப் பாறையில் விழுந்து உருண்டு, என் செருப்பில் கொக்கி மாட்டி நின்றது. சுவர் முழுக்கச் சிரிப்பு.

"செருப்பு மாட்டிருச்சு, விட்டுடாதீங்க!" என்று எவனோ கத்தினான்.

அவளும் சிரித்தாள். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கம்பின் முறிந்த முனையையே பார்த்துக்கொண்டு வந்தாள். "தப்பு மீன் மேல இல்லைங்க. என் மேலயும் இல்லை. கம்பு பத்தலை" என்றாள். தம்பியிடம், "உனக்குப் புதுசு வாங்கித் தர்றேன்டா. எனக்கும் ஒண்ணு பார்க்கணும்" என்றாள்.

தூண்டில் கடை துறைமுகச் சாலையில் இருந்தது. நீளமான, குறுகலான கடை. இரண்டு சுவரிலும் கம்புகள் நின்றன. நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டில்தான் போக முடியும். மச்சினன் நடந்தபோது கம்புகள் எல்லாம் எழுந்து நின்று வழிவிடுவதுபோல ஆடின. கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை மூக்கில் நிறுத்த முடியாமல் ஒரு விரலால் தள்ளிக்கொண்டே பேசினார். எனக்குக் கை பரபரத்தது. "ஒரு நிமிஷம் கழட்டுங்க" என்று வாங்கி, காதுப்பிடியை வளைத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவர் எங்களை வாடிக்கையாளராகப் பார்க்கவில்லை, உறவினராகத்தான் பார்த்தார்.

"யாருக்குக் கம்பு? தம்பிக்கா?"

"எனக்குங்க" என்றாள் என் மனைவி.

அவர் சட்டென்று ஒரு மெல்லிய கம்பை எடுத்து நீட்டினார். "இது பூ மாதிரி இருக்கும்மா. நாள் பூரா வீசினாலும் கை வலிக்காது."

அவள் பையிலிருந்து பொய்மீனை எடுத்து மேசைமேல் வைத்தாள். அவர் மெல்லிய கம்பைப் பழைய இடத்தில் வைத்துவிட்டுத் தராசை எடுத்து வந்தார். பொய்மீனை நிறுத்துப் பார்த்துவிட்டு, "இதை வீசப் போறீங்களா, இதைக் கட்டி வீட்டுல கதவை நிறுத்தப் போறீங்களா?" என்றார். ஆனால் குரலில் மரியாதை ஏறியிருந்தது. கண்ணைக் குனிந்து பார்த்து, "இந்தக் கண்ணு யாரு வச்சது? அருமை" என்றார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

மச்சினன் அதற்குள் ஒரு கம்பைத் தேர்ந்தெடுத்துவிட்டான். உலக்கை மாதிரி இருந்தது. நுனியைத் தரையில் ஊன்றி அழுத்திப் பார்த்தான்; அசையவில்லை. "இதான்க்கா. இது ஜென்மத்துக்கும் உடையாது."

"இதை எங்கேயாவது வீசிப் பார்க்க முடியுமாங்க?" என்று அவள் கடைக்காரரைக் கேட்டாள். "நாங்க வண்டியைக்கூட ஓட்டிப் பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவோம்."

கடைக்குப் பின்னால் ஒரு காலி மனை இருந்தது. கடைக்காரர் பொய்மீனின் கொக்கிகளை எல்லாம் கழற்றினார். மூன்று கம்புகளில் நூல் சுற்றும் ரீல் மாட்டி எடுத்து வந்தார்.

முதலில் உலக்கை. மச்சினன் தான் காட்டுவதாக முன்னால் வந்தான். தோள் சதை புடைக்க ஓங்கி ஒரு வீசு வீசினான். பொய்மீன் மனையின் பாதிகூடப் போகவில்லை. அவள் வீசினபோது அதிலும் பாதிதான். மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டாள்.

"இது வளையவே இல்லைங்க. மொத்த பாரமும் என் கையில இறங்குது" என்றாள்.

"சரியாச் சொன்னீங்க" என்றார் கடைக்காரர். "இந்தக் கம்பு உங்க மீனைவிட ரெண்டு மடங்கு பாரத்துக்குச் செஞ்சது. கம்பு வளைஞ்சு நிமிர்ந்தாத்தான் அது வீசும். வளையலைன்னா நாமதான் வீசணும்." கைப்பிடிக்கு மேலே அச்சடித்திருந்த எடை எண்ணைக் காட்டினார். "இதுக்கு இவ்வளவு முதல் இவ்வளவு வரைக்கும்னு போட்டிருக்கும். உங்க மீன் ரெண்டுக்கும் நடுவுல விழணும். மேல் எல்லையைத் தாண்டினா உடையும். கீழ் எல்லைக்கும் கீழே போனா இந்தக் கதைதான்."

இரண்டாவது கம்பில் எடை எண் பொருந்தியது. ஆனால் குட்டைக் கம்பு. "உங்க உயரத்துக்கு இது கச்சிதமா இருக்கும்" என்று கொடுத்தார். அவள் வீசினாள், பொய்மீன் ஓரளவு போனது. இன்னொரு தடவை வீசினாள். சரியில்லை என்று தலையை ஆட்டினாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. நாள் முழுக்க வாடிக்கையாளர் கண்ணுக்கு லென்ஸ் மாற்றி மாற்றிக் கேட்கிற வாய் அல்லவா? "எது தெளிவா இருக்கு? முதல்லதா, ரெண்டாவதா?" என்றேன்.

"ரெண்டும் மங்கலாத்தான் இருக்கு. மூணாவதைக் குடுங்க."

மூன்றாவது நீளம். அவள் உயரத்தோடு சேர்த்துப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். அவள் தலைக்கு மேலே அதில் இன்னொரு ஆள் நிற்கலாம். கைப்பிடியும் நீளம், ரீலுக்குக் கீழே முழங்கை தாண்டிப் போனது. கடைக்காரர் தயங்கினார். "இது உயரமானவங்க எடுக்கிறதும்மா."

அவள் வாங்கி, நுனியில் பொய்மீனைத் தொங்கவிட்டு, அசையாமல் பிடித்துப் பார்த்தாள். கம்பின் மேல்பாதி மெல்லத் தலைகுனிந்தது. அடிப்பாதி நிமிர்ந்தே நின்றது. ஒரு கை ரீலருகே, இன்னொரு கை கைப்பிடியின் அடிநுனியில்.

"பெரிய வண்டி ஸ்டீயரிங் ஏன் அவ்வளவு அகலமா இருக்குன்னு நினைக்கிறீங்க?" என்று அவள் யாரிடம் என்றில்லாமல் கேட்டாள். "குட்டை ஆளுக்குத்தான் நீளம் வேணும்."

பின்னால் சாய்த்தாள். பொய்மீன் பின்னே ஊசலாடி, கம்பை இழுத்து வளைக்கும் வரைக்கும் காத்திருந்தாள். அவசரமே இல்லை. மேல்கையை முன்னே தள்ளி, அடிக்கையை வயிற்றை நோக்கி இழுத்தாள். 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். பொய்மீன் மனையைத் தாண்டியது, மதிலைத் தாண்டியது, பக்கத்து வாகனப் பட்டறையின் தகரக் கூரையில் இடி விழுந்த மாதிரி போய் விழுந்தது. பட்டறைக்குள்ளிருந்து ஆட்கள் வானத்தைப் பார்த்தபடி வெளியே ஓடிவந்தார்கள்.

கடைக்காரர் கண்ணாடியைத் தள்ள விரலைத் தூக்கினார்; அது சரியாகவே நின்றிருந்தது. "இதையே எடுத்துக்குங்கம்மா" என்றார்.

ஏணி வாங்கிக் கூரைமேல் ஏறிப் பொய்மீனை எடுத்து வந்தவன் நான்தான். இறங்கும்போது பட்டறைக்காரர், "யாருங்க வீசினது?" என்று கோபமாகக் கேட்டார். "என் மனைவி" என்றேன். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக நான் எந்தக் குற்றத்தையும் ஒப்புக்கொண்டதில்லை.

அதன் பிறகு வாரா வாரம் அலைத்தடுப்புச் சுவர். கம்பு கிடைத்ததும் மீன் வரிசையில் நிற்கும் என்று நினைத்தால் அது தப்பு. ஒரு மீனும் வரவில்லை. ஆனால் வீச்சு ஒவ்வொரு வாரமும் நீண்டது. காற்று எதிரே வந்தால் தாழ்வாக வீசக் கற்றுக்கொண்டாள். நூல் ரீலில் சிக்கிக் குருவிக்கூடு கட்டினால் சலிக்காமல் உட்கார்ந்து பிரித்தாள். மற்றவர்கள் பொய்மீன் விழும் இடத்தைத் தாண்டி, நீரோட்டத்தின் நடுவில் அவளுடையது போய் விழும். சிரித்தவர்கள் முதலில் சிரிப்பை நிறுத்தினார்கள். பிறகு அவள் வீசும்போது தங்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அப்படி ஒரு காலையில்தான் அந்தப் படகு வந்தது.

கடல் உள்வாங்கி, ஆற்றுத் தண்ணீர் முழுவேகத்தில் வெளியே ஓடிக்கொண்டிருந்த நேரம். ஆற்றில் வாடகைக்கு ஓட்டும் சின்ன மோட்டார் படகு. உள்ளே படகுக்காரர், ஒரு புகைப்படக்காரர், புதிதாகக் கல்யாணம் ஆன ஒரு ஜோடி. படம் எடுக்க வந்தவர்கள். அந்தப் பெண் மினுமினுக்கும் உடுப்பில் படகின் முன்பக்கம் உட்கார்ந்திருந்தாள். எங்களுக்கு நேரே வரும்போது மோட்டார் இருமியது; நின்றுவிட்டது. படகுக்காரர் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார். கிளம்பவில்லை. துடுப்புப் போட்டுப் பார்த்தார். அந்த ஓட்டத்துக்கு அது எம்மாத்திரம்? படகு பக்கவாட்டில் திரும்பி, முகத்துவாரத்தை நோக்கி நகரத் தொடங்கியது. அங்கே ஆற்று ஓட்டமும் கடல் அலையும் மோதி, வெள்ளையாக எழும்பி உடைந்துகொண்டிருந்தது. அதற்குள் போனால் அந்தப் படகு தாங்காது என்பது சுவரில் நின்ற எல்லோருக்கும் தெரியும்.

நண்டுக்கூடு போடுகிறவர் ஒருவர் தன் கயிற்றுச் சுருளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். மச்சினன் அதைப் பிடுங்கி, ஒரு முனையில் கல்லைக் கட்டி, ஓங்கி எறிந்தான். என் கண்ணால் பார்த்த மிகப் பெரிய எறி அது. ஆனால் கயிறு பாதி வழியில் பாரம் இழுத்துத் தண்ணீரில் விழுந்தது. மறுபடி எறிந்தான். மறுபடியும் பாதிதான். படகில் அந்தப் பெண் அலறத் தொடங்கினாள்.

"டேய், நிறுத்து. கயித்தை நீளமா விரிச்சு வை" என்றாள் என் மனைவி.

திரும்பிப் பார்த்தேன். அவள் பாறைமேல் உட்கார்ந்து, இடுக்கியால் பொய்மீனின் கொக்கிகளை ஒவ்வொன்றாக வெட்டி எறிந்துகொண்டிருந்தாள். பேருந்தில் பிரேக் பிடிக்கும்போது அவள் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

எழுந்தாள், வீசினாள். பொய்மீன் உயரே போனது, காற்று அதைப் பிடித்துத் தள்ளியது, படகுக்குப் பின்னால் விழுந்தது. சுவர் முழுக்க 'ஐயோ' என்றது. அவள் வேகமாகச் சுற்றி இழுத்தாள். படகு அதற்குள் எங்களைத் தாண்டிவிட்டது. கம்போடு பாறைக்குப் பாறை தாவி முன்னால் போனாள். நான் குடையைப் போட்டுவிட்டு அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

"பிடியை விடுங்க, வீசணும்!"

விட்டேன். காலை ஊன்றினாள். கம்பைப் பின்னால் சாய்த்தாள். பொய்மீன் பின்னே ஊசலாடியது. அத்தனை கூச்சலுக்கு நடுவில், அத்தனை அவசரத்துக்கு நடுவில், அது கம்பை முழுதாக வளைக்கும்வரை அவள் காத்திருந்தாள். எனக்கு உயிரே போய்விடும்போல இருந்தது. பிறகு இரண்டு கையும் ஒன்றாகத் திரும்பின. அந்த நீளக் கம்பு நிமிர்ந்த சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பொய்மீன் தாழ்வாக, காற்றுக்கு அடியில் புகுந்து, படகைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்தது. நூல் படகின் குறுக்கே, அந்தப் பெண்ணின் மடிமேல் கிடந்தது.

"நூலைப் பிடிங்க! கையில துணி சுத்திக்கிட்டு இழுங்க! கயிறு பின்னால வருது!" என்று என் மனைவி கத்தினாள். நெரிசலில் பயணிகளை உள்ளே போகச் சொல்லிச் சொல்லிப் பழகிய குரல். காற்றையும் தாண்டிப் போய்ச் சேர்ந்தது.

மாப்பிள்ளை தன் மேல்கோட்டைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டான். இங்கே அவள் ரீலிலிருந்து நூலை வெட்டி, கயிற்றின் முனையில் முடிச்சுப் போட்டாள். அவனும் படகுக்காரரும் இழுக்க இழுக்க, கயிறு தண்ணீர்மேல் பாம்புபோல நெளிந்து போனது. நடுவில் ஒரு தடவை நூல் விறைத்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். அது அறுந்துவிடவில்லை. படகுக்காரர் கயிற்றைப் பிடித்துப் படகின் முன்முனையில் கட்டினார். பிறகுதான் மச்சினனுக்கு வேலை வந்தது. அவன் முன்னால் நிற்க, சுவரில் இருந்த அத்தனை பேரும் பின்னால் பிடித்து இழுத்தோம். அவன் கால் ஊன்றின பாறை அசையும்போல இருந்ததே தவிர அவன் அசையவில்லை. படகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, ஓட்டம் இல்லாத ஓரத்துக்கு வந்து சேர்ந்தது.

அந்தப் பெண் கரையேறியதும் நேரே வந்து என் மனைவியைக் கட்டிக்கொண்டாள். படகுக்காரர் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். என் மனைவி அப்போதுதான் பாறைமேல் உட்கார்ந்தாள். நான் குடுவையிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். பாதியைச் சிந்திவிட்டுக் குடித்தாள்.

மச்சினன் எல்லோரிடமும் போய், "எங்க அக்கா. கூடப் பொறந்த அக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தான். யாரும் கேட்கவில்லை, அவனே சொன்னான். நான் சும்மா இருப்பேனா? "பஸ் ஓட்டுறாங்க" என்று பக்கத்திலேயே நின்று சேர்த்துக்கொண்டேன்.

கொடுவாவும் அவளுக்குக் கிடைத்தது. அது பல வாரம் கழித்து, புதிதாகச் செதுக்கிய இன்னொரு பொய்மீனில். இரண்டு கையாலும் தூக்க முடியாத மீன். அதைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் தனிக் கதை ஆகிவிடும். தவிர, அதற்குச் சாட்சி நானும் என் மச்சினனும் மட்டும்தான், எங்களை யாரும் நம்புவதில்லை.

படகுக் கதைக்குப் படம் இருக்கிறது. மற்றவர்கள் கத்திக்கொண்டிருந்தபோது புகைப்படக்காரர் பயத்தில் கேமராவை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு மாதம் கழித்து என் கடையைத் தேடிக் கண்டுபிடித்து வந்தார். பெரிதாக்கிச் சட்டம் போட்ட படம். பாறைமேல் என் மனைவி, தலைக்கு மேலே வில்லாய் வளைந்த கம்பு, பின்னால் நீலம். கடையில் கண் பரிசோதிக்க உட்காருகிறவர்கள் நேரே பார்க்கும் சுவரில் அதை மாட்டினேன். எழுத்துப் பலகையைப் பக்கத்துச் சுவருக்கு மாற்றிவிட்டேன்.

அன்று வேலை முடிந்து சீருடையோடு கடைக்கு வந்தவள் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். நான் மேசைக்குப் பின்னால் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது முதல் வீச்சுங்க" என்றாள்.

"எப்படிச் சொல்றே?"

"முழங்கை தூக்கியிருக்கு, பாருங்க. அதான் காத்துல போயிடுச்சு. இதையா எல்லாரும் பார்க்கிற மாதிரி மாட்டி வச்சிருக்கீங்க? கழட்டுங்க."

"சரி, நாளைக்குக் கழட்டுறேன்" என்றேன்.

இன்றைக்கும் அதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.